கோதிக் நாவலின் கருப்பொருளை ஆராய்ந்து கட்டுரை எழுதுவது எப்படி? ‘பிராங்கன்ஸ்டைன்’ வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் ஒப்படையாக எழுதும் கட்டுரைகளில் பல இப்படித் தொடங்குகின்றன: ‘இந்த நாவலில் தனிமை, பழிவாங்கல், இயற்கை, விஞ்ஞானத்தின் ஆபத்து ஆகிய கருப்பொருள்கள் காணப்படுகின்றன.’ பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் கொஞ்சம் கதைச் சுருக்கம், கடைசியில் நாவலாசிரியருக்கு ஒரு பாராட்டு. இந்த வாக்கியங்களில் பிழை எதுவும் இல்லை, ஆனால் ஆய்வும் இல்லை. கருப்பொருள்களின் பெயர்ப்பட்டியல் எந்தக் கைநூலிலும் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், நூலைக் கூர்ந்து வாசித்து, இன்னொருவர் மறுக்கக்கூடிய ஒரு கருத்தை முன்வைத்து, நூலின் சொற்களைக் கொண்டே அதை நிறுவ வேண்டும்.

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை உதாரணமாக எடுத்து, ‘மொழி’ என்ற ஒரேயொரு கருப்பொருளை முதல் வாசிப்பிலிருந்து முடிந்த கட்டுரை வரை கொண்டுபோகப் போகிறேன். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் ஆய்வுகூடத்தில் ஓர் உயிரியை உருவாக்கி, அதன் உருவத்தைக் கண்டு அஞ்சிக் கைவிடுவதிலிருந்து விரிவதே அதன் கதை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒருவருக்கு இந்த நாவலில் தனி உரிமை உண்டு என்று நம்புகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். நீங்கள் எழுதுவது வேறு கோதிக் நாவலை, அதாவது அச்சமும் மர்மமும் நிறைந்த வேறொரு நாவலைப் பற்றியதாக இருந்தாலும் செல்ல வேண்டிய வழி இதுதான்.

எந்தப் பதிப்பு உங்கள் கையில்?

பேனையை எடுப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818 ஜனவரி 1 அன்று இலண்டனில் மூன்று பாகங்களாக, ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. 1823 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரி ஷெல்லியின் பெயர் அச்சேறியது. 1831 இல் அவர் பல இடங்களைத் திருத்தி, தாமே ஒரு முன்னுரையும் எழுதி, ஒரே நூலாக வெளியிட்டார். சந்தையிலும் இணையத்திலும் 1818, 1831 ஆகிய இரு வடிவங்களும் கலந்து கிடக்கின்றன.

கண்டுபிடிப்பது எளிது. அத்தியாயங்கள் 1 முதல் 24 வரை தொடர்ச்சியாக எண்ணிடப்பட்டிருந்தால் அது 1831 இன் வடிவம். மூன்று பாகங்களாகப் பிரிந்து, முறையே 7, 9, 7 அத்தியாயங்கள் இருந்தால் 1818 இன் வடிவம். விக்டர் மணக்கவிருக்கும் எலிசபெத் அவனுக்கு அத்தை மகளாக வந்தால் 1818; பெற்றோரை இழந்து வேறொரு குடும்பத்தில் வளர்ந்த குழந்தையை விக்டரின் வீட்டார் எடுத்து வளர்த்ததாக வந்தால் 1831.

இது வெறும் பதிப்பு விவரம் அல்ல. விக்டரின் நண்பன் கிளேர்வல், இந்தியாவுக்குப் போய்த் தன் மொழியறிவைக் கொண்டு ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வணிகத்துக்கும் உதவ விரும்பினான் என்ற செய்தி 1831 இன் வடிவத்தில் 19 ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. 1818 இன் வடிவத்தில் அது இல்லை. மொழியைப் பற்றி எழுதும் ஒருவருக்கு, அதுவும் நம் பகுதியிலிருந்து எழுதும் ஒருவருக்கு, இந்த வேறுபாடு பொன்னானது. எந்த வடிவத்தை வாசித்தீர்கள் என்பதைக் கட்டுரையின் முதற் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இங்கே நான் தரும் அத்தியாய எண்கள் 1831 இன் வடிவத்துக்கு உரியவை.

இரண்டு முறை வாசியுங்கள்

முதல் முறை கதைக்காக வாசியுங்கள். அடிக்கோடு வேண்டாம். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறக்கவும் வேண்டாம். திரைப்படங்கள் பழக்கிவிட்ட அந்த உறுமும் உருவத்தை மட்டும் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். நாவலில் விக்டர் உருவாக்கும் உயிரி நாவன்மை மிக்கது. பல பக்கங்களுக்குத் தன் கதையைத் தானே சொல்கிறது.

இரண்டாம் முறை ஒரு கொப்பியுடன் உட்காருங்கள். இடப்பக்கத்தில் நூலின் வரி, அத்தியாய எண், பக்க எண். வலப்பக்கத்தில் உங்கள் கேள்வி. கேள்வி இல்லாத வரியைப் பிரதி செய்யாதீர்கள். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ‘யார் சொல்வது, யாரிடம்’ என்று எழுதுங்கள். இந்த நாவலுக்கு அது மிகவும் அவசியம். வால்டன் என்ற கடலோடி தன் சகோதரிக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதத்துக்குள் விக்டரின் கதை. விக்டரின் கதைக்குள் உயிரியின் கதை. அதற்குள் டி லேசி குடும்பத்தின் கதை. போதாததற்கு, வால்டன் எடுத்த குறிப்புகளை விக்டரே வாங்கிப் பார்த்துப் பல இடங்களில் திருத்தியும் கூட்டியும் வைத்தான் என்று கடைசி அத்தியாயம் சொல்கிறது. அப்படியானால் உயிரியின் சொற்கள் நம்மிடம் வந்து சேரும் முன் அதன் எதிரியின் கையால் திருத்தப்பட்டிருக்கின்றன. ‘உயிரி இப்படிச் சொல்கிறது’ என்று எழுதும்போதெல்லாம் இதை நினைவில் வைத்திருங்கள்.

கருப்பொருளைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘மொழி’ என்பது கருப்பொருள். அதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது. ‘நாவலில் மொழியின் முக்கியத்துவம்’ என்பதும் உதவாது, ஏனென்றால் முக்கியம் இல்லை என்று யாரும் வாதாடப் போவதில்லை. ஒரு காட்சியில் உங்களுக்கு நெருடும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள்.

அந்தக் காட்சியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். உயிரி, டி லேசி குடும்பத்தின் குடிலை ஒட்டிய ஒரு சிறு கொட்டிலில் ஒளிந்திருக்கிறது. கண் மட்டுமே நுழையக்கூடிய ஒரு சிறு பிளவு வழியாக அவர்களைப் பார்க்கிறது. அவர்கள் எழுப்பும் ஒலிகள் கேட்பவர் முகத்தில் சிரிப்பையோ துயரத்தையோ வரவழைப்பதைக் கவனிக்கிறது. 12 ஆம் அத்தியாயத்தில் அது முதலில் பிடித்துக்கொள்ளும் சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. பிறகு வீட்டாரின் பெயர்கள். வயோதிபருக்கு ‘அப்பா’ என்ற ஒரு பெயர்தான். மகளுக்குத் தங்கை என்றும் அகதா என்றும் இரண்டு. மகனுக்கு பீலிக்ஸ், அண்ணன், மகன் என்று மூன்று. அதன்பின், ஒலியாகப் பிரித்தறிய முடிந்தும் பொருள் விளங்காத சில சொற்களை உயிரி குறிப்பிடுகிறது: நல்ல, அன்புக்குரிய, மகிழ்ச்சியற்ற.

இந்த வரிசையைப் பாருங்கள். கையால் தொடக்கூடியவை முதலில் வருகின்றன. உறவுப் பெயர்கள் அடுத்து. உயிரிக்கு ஒரு பெயர்கூட இல்லை என்ற நிலையில், ஒருவருக்கு மூன்று பெயர்கள் இருப்பதை அது எண்ணிக் கணக்கிடுகிறது. அன்பும் நன்மையும் காதில் விழுகின்றன; ஆனால் யாரும் அதை நோக்கி அவற்றைச் சொன்னதில்லை, ஆகவே பொருள் தெரியவில்லை. ஒரு பத்தியை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கத் தெரிந்தால் கட்டுரையின் பாதி வேலை முடிந்தது.

இப்போது 13 ஆம் அத்தியாயம். துருக்கி வணிகர் ஒருவரின் மகளான சஃபி அந்தக் குடிலுக்கு வருகிறாள். அவளுக்கும் அந்த வீட்டு மொழி தெரியாது. பீலிக்ஸ் அவளுக்குப் பாடம் சொல்ல, சுவருக்கு இந்தப் பக்கம் உயிரியும் அதே பாடத்தைக் கேட்கிறது. அவளைவிட வேகமாகக் கற்றதாகப் பெருமையும் கொள்கிறது. அவளோ உடைந்த உச்சரிப்பில் பேசுகிறாள். ஆனால் அவளை வீட்டார் அணைத்துக்கொள்கிறார்கள். உயிரியை 15 ஆம் அத்தியாயத்தில் தடியால் அடித்து விரட்டுகிறார்கள்.

நெருடுகிறது அல்லவா? அதுதான் உங்கள் கேள்வி: ஒரே பாடத்தைக் கற்ற இருவரில், குறைவாகக் கற்றவள் உள்ளேயும் நன்றாகக் கற்றது வெளியேயும் இருப்பது ஏன்?

கேள்விக்கு விடை தேடும்போது ஒன்றோடொன்று சேரும் காட்சிகள்

எல்லோரும் சொல்லும் விடை ‘உருவம் அருவருப்பானது, அதனால்’ என்பது. அதிலேயே நின்றுவிடாதீர்கள். உயிரியின் பேச்சு எங்கெல்லாம் காதில் ஏறுகிறது என்று தேடுங்கள். கொப்பியைப் புரட்டினால் மூன்று காட்சிகள் கிடைக்கும்.

ஒன்று, குடிலின் வயோதிபர் டி லேசி. அவர் பார்வையற்றவர். உயிரியின் பேச்சைக் கேட்டு, மொழியை வைத்து ‘நீர் என் நாட்டவர்தானே’ என்ற பொருளில் விசாரிக்கிறார். நாவல் முழுவதிலும் உயிரிக்குக் கிடைக்கும் ஒரே இயல்பான உபசாரம் இது.

இரண்டு, 10 ஆம் அத்தியாயத்தில் ஆல்ப்ஸ் பனியாற்றின் மேல் விக்டரைச் சந்திக்கும் காட்சி. ‘என் கண்முன் நில்லாதே’ என்று விக்டர் கத்தியதும், உயிரி தன் கைகளால் அவன் கண்களைப் பொத்துகிறது. நீ வெறுக்கும் காட்சியை அகற்றிவிட்டேன், இனிக் கேட்கலாம் அல்லவா என்கிறது.

மூன்று, கடைசி அத்தியாயம். விக்டரின் உடல் கிடக்கும் அறைக்குள் வால்டன் நுழைகிறான். அந்த முகத்தைப் பார்த்ததும் தன்னை அறியாமலே கண்களை மூடிக்கொள்கிறான். பிறகு அதனுடன் பேசத் தொடங்குகிறான்.

மூன்று இடங்களிலும் கண் மூடியிருக்கிறது, அல்லது மூடப்படுகிறது. இதை முதன்முறை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது உடல் சிலிர்க்கும். வாசகராகிய நாமும் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை, குரலை மட்டுமே கேட்கிறோம் என்பதையும் சேர்த்தால் நான்காவது காட்சியும் கிடைக்கிறது. இவ்வளவும் நூலுக்குள்ளேயே கிடக்கின்றன. எந்தக் கைநூலும் தேவைப்படவில்லை.

மையக் கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

இப்போதுதான் அந்த வாக்கியத்தை எழுத முடியும். உதாரணமாக: ‘மொழி தன்னை மனிதக் கூட்டத்தில் சேர்க்கும் என்று உயிரி நம்புகிறது, ஆனால் பார்வை விலகும் கணங்களில் மட்டுமே அந்த மொழி வலிமை பெறுகிறது என்று நாவல் காட்டுகிறது, ஆகவே இந்த நாவலில் மனிதத்தன்மையைத் தீர்மானிப்பது பேசுபவரின் திறன் அல்ல, பார்ப்பவரின் கண்.’ இந்த வாக்கியத்தை மறுக்கலாம். மறுக்கக் கூடியதாக இருப்பதே அதன் பலம்.

மறுப்பை நீங்களே தேடுங்கள். 16 ஆம் அத்தியாயத்தில் விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியம் உயிரியைக் கண்டதும் தன் கண்களைத் தானே பொத்திக்கொண்டு அலறுகிறான். கண் மூடியும் அவன் கேட்கவில்லையே? நல்ல மறுப்பு. மறுபடி வாசியுங்கள்: உயிரி அந்தக் கையை முகத்திலிருந்து வலிந்து விலக்கிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. விக்டரின் கண்ணைப் பொத்திய அதே கை, இங்கே ஒரு குழந்தையின் கண்ணைத் திறக்கிறது, விளைவு கொலை. உங்கள் வாதத்தை வீழ்த்த வந்த காட்சியே அதைத் தாங்கி நிற்கிறது. எல்லா மறுப்பும் இப்படிச் சாதகமாக முடியாது. முடியாதபோது மையக் கருத்தைத் திருத்துங்கள், காட்சியை மறைக்காதீர்கள்.

இன்னொரு மறுப்பும் உண்டு. சாகும் தறுவாயில் விக்டர், ‘அது சொல்வன்மை உடையது, நம்பாதே’ என்று வால்டனை எச்சரிக்கிறான். அப்படியானால் மொழி ஏமாற்றும் கருவியா? இதற்கு ஒரு பத்தியாவது கொடுங்கள்.

பின்னணியை அளவோடு சேருங்கள்

கோதிக் மரபு 1764 இல் ஹொரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’யுடன் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். பாழடைந்த கோட்டை, இருட்டு, பழைய குற்றம் ஆகியவை அந்த மரபின் பொருள்கள். மேரி ஷெல்லி பேயை அகற்றிவிட்டு ஆய்வுகூடத்தை வைத்தார். இதற்கு மேல் மரபு வரலாறு உங்களுக்குத் தேவையில்லை.

1816 கோடையின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் வாயுவும் வானில் பரவி, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டிருந்த கவிஞர் பைரன், மேரி பின்னர் மணந்த கவிஞர் பெர்சி ஷெல்லி, பைரனின் மருத்துவர் பொலிடோரி, மேரி ஆகியோர் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முடிவு செய்தார்கள். மேரிக்கு அப்போது 18 வயது. சுவையான கதைதான். ஆனால் மொழி பற்றிய உங்கள் வாதத்துக்கு அதனால் என்ன பயன்? பயன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். விஞ்ஞானம் பற்றி எழுதுபவருக்கு, 1803 இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் ஜியோவானி அல்தினி மின்சாரம் பாய்ச்சிக் காட்டிய சோதனை பயன்படும். தாய்மை பற்றி எழுதுபவருக்கு, மேரியைப் பெற்ற சில நாட்களில் அவர் தாய் மேரி வுல்ஸ்டன்கிராப்ட் இறந்ததும், 1815 இல் மேரியின் முதற் குழந்தை இறந்ததும் பயன்படும். எந்தப் பின்னணித் தகவலும் உங்கள் மையக் கருத்தோடு ஒரு வாக்கியத்திலாவது பிணைய வேண்டும்.

விமர்சகர்களோடு உரையாடுங்கள்

விமர்சகரின் பெயரை நகையாகப் போடக் கூடாது. அவருடன் உடன்படுங்கள், முரண்படுங்கள், அல்லது அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். மொழி என்ற கருப்பொருளுக்கு முதலில் வாசிக்க வேண்டியது, உயிரியின் மொழி பற்றி பீட்டர் புரூக்ஸ் 1978 இல் எழுதிய கட்டுரை. அதை வாசித்ததும், ‘நான் சொல்ல நினைத்ததை இவர் சொல்லிவிட்டாரே’ என்று சோர்ந்துபோக வேண்டாம். அவர் எதைச் சொன்னார், சஃபியைப் பற்றி எவ்வளவு சொன்னார், எதை விட்டார் என்று கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். விட்ட இடம் உங்களுடையது. அடுத்து காயத்ரி ஸ்பிவாக் 1985 இல் மூன்று பெண்களின் படைப்புகளையும் ஏகாதிபத்தியத்தையும் சேர்த்து எழுதிய கட்டுரை. கிளேர்வலின் இந்திய ஆசையையும் சஃபியையும் யோசிப்பதற்கு அது நல்ல துணை. தாய்மை பற்றியதானால் எலன் மோர்ஸ் 1976 இல் எழுதியதும், கில்பேர்ட்டும் குபாரும் 1979 இல் எழுதியதும் தவிர்க்க முடியாதவை. மூன்று அல்லது நான்கு விமர்சகர்கள் ஒரு பட்டக் கட்டுரைக்குப் போதும்.

எங்கே தேடுவது? திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் யாழ்ப்பாணம் பொது நூலகத்திலும் தொடங்குங்கள். நூலகரிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஜேஸ்டோர் இணையத்தளத்தில் கணக்குத் திறந்தால் ஒரு தொகைக் கட்டுரைகளை இலவசமாக வாசிக்கலாம். ஷெல்லி-கோட்வின் ஆவணக்காப்பகத்தின் தளத்தில் மேரியின் கையெழுத்துப் பிரதியையே பார்க்கலாம். கணவர் பெர்சி ஷெல்லி செய்த திருத்தங்களும் அதில் தெரிகின்றன. ஒருமுறை பாருங்கள், நாவல் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத மேற்கோளையும் இல்லாத கட்டுரைத் தலைப்பையும் உண்மைபோலத் தந்துவிடும். நூலில் உங்கள் கண்ணால் பார்க்காத ஒரு வரியையும் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

யாழ்ப்பாணம் கட்டுரைக்குள் எவ்வளவு வரலாம்?

இதை மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிகள் செமினறி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியதும் 1823. மேரி ஷெல்லியின் பெயர் முதன்முதலில் நூலில் அச்சானதும் 1823. ஆங்கிலம் இங்கே வேலையும் மதிப்பும் தரும் வாயிலாக மாறத் தொடங்கிய காலமும், பிறர் மொழியைச் சுவருக்கு அப்பால் நின்று கற்ற ஓர் உயிரியின் கதை அச்சில் பரவிய காலமும் ஒன்றுதான். அந்த மொழியைப் பிந்திக் கற்ற வாசகருக்கு 12, 13 ஆம் அத்தியாயங்கள் சுடும். இலண்டனில் பிறந்து வளர்ந்த மாணவர் ஓட்டமாகக் கடந்துபோகும் பக்கத்தில் நீங்கள் நின்றுவிடுவீர்கள். அதைத்தான் தனி உரிமை என்றேன்.

ஆனால் அந்த அனுபவம் கேள்வியைக் கண்டுபிடிக்க உதவட்டும். விடையை நூல்தான் தர வேண்டும். ‘நாமும் இப்படித்தான்’ என்று கட்டுரைக்கு நடுவே எழுதினால் அது சான்றாகாது. கைவிடப்பட்ட வீடுகளையும் முனி, பேய்க் கதைகளையும் இணைக்க விரும்பினால் அதை ஒப்பியல் கட்டுரையாகவே திட்டமிடுங்கள். அப்போது நம் பக்கத்திலிருந்தும் ஒரு குறிப்பிட்ட படைப்பு, அதே நெருக்கமான வாசிப்புடன் வேண்டும்.

எழுதும்போது

முதல் வரைவுக்கு முன், உங்கள் வாதத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள், கட்டுரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதானாலும். தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல முடியாத கருத்து ஆங்கிலத்தில் தெளிவாக வராது. பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தப் பக்கத்தை ஒரு நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ‘அது எப்படி?’ என்று கேட்கும் இடங்களிலெல்லாம் மேற்கோள் தேவை.

பத்திகளைக் கதை வரிசையில் அடுக்காதீர்கள். வாத வரிசையில் அடுக்குங்கள். நம் உதாரணத்தில் சஃபிக்கும் உயிரிக்கும் உள்ள வேறுபாடு முதலில், கண் மூடும் மூன்று காட்சிகள் அடுத்து, வில்லியம் என்ற மறுப்பு அதன்பின், விக்டரின் எச்சரிக்கையும் குறிப்புகளைத் திருத்தியதும் கடைசியில். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் வாதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியங்களை மட்டும் தொடர்ச்சியாக வாசித்தால் கட்டுரையின் எலும்புக்கூடு தெரிய வேண்டும்.

மேற்கோள் சுருக்கமாக இருக்கட்டும். இரண்டு வரி எடுத்தால் அதைப் பற்றி நான்கு வரியாவது நீங்கள் பேச வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் மேற்கோளைத் தாமே மொழிபெயர்த்து, அத்தியாய எண்ணைக் கொடுத்து, மொழிபெயர்ப்பு தம்முடையது என்று அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். உசாத்துணை எழுதும் முறையை விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நூலைக் கையில் எடுக்கும்போதே விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி இரவில் தேட முடியாது.

முன்னுரையைக் கடைசியாக எழுதுங்கள். ‘மனிதன் தோன்றிய காலம் முதல்’ என்பது போன்ற தொடக்கம் வேண்டாம். குடிலின் சுவர்ப் பிளவிலிருந்தே தொடங்கலாம்.

திருத்துவதற்கு இரண்டு நாளாவது விட்டுவையுங்கள். முதல் நாள் வாதத்துக்கு: மையக் கருத்தோடு சேராத பத்தியை, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், வெட்டுங்கள். இரண்டாம் நாள் மேற்கோள்களுக்கு: ஒவ்வொன்றையும் நூலைத் திறந்து சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். அதன்பின் தலைப்பு. ‘பிராங்கன்ஸ்டைன் நாவலில் மொழி’ என்று வைக்காதீர்கள்; ‘கண்ணை மூடிக் கேட்பவர்கள்: பிராங்கன்ஸ்டைன் நாவலில் மொழியும் பார்வையும்’ என்று வைத்தால், கட்டுரையைத் திறக்கும் முன்பே உங்கள் வாதம் என்னவென்று விரிவுரையாளருக்குத் தெரிந்துவிடும்.